சாண கேஸ் தொட்டி கட்டப் போறீங்களா? முதல்ல சாணியை எடை போடுங்க

மாட்டு டாக்டரா மானூர், நாங்குநேரி, களக்காடு பக்கம் தொழு தொழுவா ஏறி இறங்குதவன் நான். பல வீட்டுல தொழுவுக்குப் பின்னாடி பழைய சாண கேஸ் தொட்டி ஒண்ணு சும்மா கெடக்கும், மேல பூசணிக்கொடி படர்ந்திருக்கும். என்ன அண்ணாச்சி ஆச்சுன்னு கேட்டா "அது சரிப்பட்டு வரல சார்"ம்பாவ. இன்னும் ரெண்டு கேள்வி கேட்டாத்தான் தெரியும், தொட்டி மேல தப்பு இல்ல, அதுக்குத் தீனி பத்தல.

ஒரு கிலோ பச்சைச் சாணிக்கு சுமாரா 40 லிட்டர் கேஸ் வரும். 2 கன மீட்டர் பிளான்ட்னா, அதாவது நாளைக்கு 2000 லிட்டர் கேஸ் தர்றதுன்னா, தினமும் 50 கிலோ சாணி வேணும், கரைக்க அதே அளவு தண்ணி வேணும். ஒரு மாடு நாளைக்கு 10 கிலோ போடும்னு வச்சுக்கிட்டு அஞ்சு மாடு போதும்னு கட்டிருதாவ, ஆனா மேயப் போற நாட்டு மாடு பாதிச் சாணியை கொளத்தங்கரையிலயே போட்டுட்டு வந்துருமே, கட்டுத்தறியில விழுறதுதானே நமக்குக் கணக்கு, அப்புறம் உழவுக்கு டிராக்டர் வந்து காளை ரெண்டும் சந்தைக்குப் போயிருச்சுன்னா தொட்டி அரைப்பட்டினிதான். மானியம் கூடக் கெடைக்குன்னு பெருசாக் கட்டுறது இன்னும் மோசம். ஒரு வாரம் காலையில தொழு கூட்டும்போது அள்ளுற சாணியை எடை போட்டுப் பாருங்க. 25 கிலோ தேறுச்சுன்னா 1 கன மீட்டர் போதும், நாலு பேர் சமையல் அதுலயே ஓடும், சிலிண்டர் கணக்குல பாத்தா நாளைக்கு அரை கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. ஒடை மர விறகுப் புகையில கண்ணைக் கசக்கிட்டு நிக்கிற மைனிமாருக்கு இதுவே பெரிய விஷயம்.

எந்த மாடல்னு கேப்பாங்க. இரும்பு டிரம் மிதக்குற காதி கமிஷன் மாடல்ல கேஸ் எவ்வளவு இருக்குன்னு கண்ணாலயே தெரியும், ஆனா துருப்பிடிக்கும், பெயின்ட் அடிச்சுட்டே இருக்கணும். 1984ல வந்த தீனபந்து மாடல் மண்ணுக்குள்ள செங்கல் குவிமாடம், செலவு கம்மி, ஆனா பழகின கொத்தனார் வேணும், மயிரிழை விரிசல் விட்டாலும் கேஸ் நிக்காது.

உள்ள வேலை பாக்கிறது உயிருள்ள கிருமிங்க. 35 டிகிரி சூடு அதுகளுக்கு ரொம்பப் பிடிக்கும், நம்ம வெயிலுக்கு அந்தக் கவலையே இல்ல. ராதாபுரம் மாதிரி தண்ணிக் கஷ்டம் உள்ள ஊர்ல தொழு கழுவுன தண்ணியையே கரைக்க எடுத்துக்கலாம், ஆனா பினாயில் கலந்திருக்கக் கூடாது. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டோட சாணியையும் ஒரு வாரம் தனியா எருக்குழியில போடச் சொல்லுவேன், பாலை மட்டும் ஒதுக்குனா போதும்னு நெறைய பேர் நெனைக்காங்க. வைக்கோல் துண்டைப் பொறுக்கிட்டுக் கரைங்க, இல்லன்னா மேல மிதந்து கெட்டி ஆடை கட்டிரும், கேஸ் மேல வராது.

முதல்ல வர்ற கேஸ் எரியாது, அதுல கார்பன் டை ஆக்சைடும் காத்தும்தான் ஜாஸ்தி. வெளிய விட்டுருங்க, தொட்டி வாய்கிட்ட தீக்குச்சி உரசிப் பாக்காதீங்க. சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டுனாலும் சரியா எரியாது, அதோட துளை ரொம்பச் சின்னது, இதுக்குன்னு உள்ள அடுப்பு வாங்கணும். எரியுற தீ விட்டு விட்டு ஆடுச்சுன்னா குழாய்ல தண்ணி கோத்திருக்குன்னு அர்த்தம், வடிச்சு விட்டாச் சரியாயிரும்.

வெளிய வர்ற கரைசலை வாறுகால்ல விட்டுராதீங்க, அது வயலுக்கு நல்ல எரு. ஈ மொய்க்காது, களை விதையும் பெரும்பாலும் செத்துரும், களக்காட்டுல வாழை போட்ட சில பேர் கேஸை விட இதுக்காகத்தான் தொட்டியையே விடாம ஓட்டுதாவ.

தூர் எடுக்கணும்னு மட்டும் ஆளை உள்ள இறக்காதீங்க. உள்ள ஆக்சிஜன் இருக்காது, ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். கொஞ்சமா இருந்தா அழுகுன முட்டை நாத்தம் அடிக்கும், ஜாஸ்தியாப் போனா மூக்கே மரத்துரும், அதனால நாத்தம் இல்லன்னு நம்பி எறங்குனவங்க மயங்கி விழுந்துருவாங்க, தூக்கப் போற ரெண்டாவது ஆளும் அப்படியே விழுவாரு. எவ்வளவு நாள் தெறந்து கெடந்த தொட்டியா இருந்தாலும் மேல நின்னே மோட்டார் போட்டு எடுங்க, முடியலன்னா கட்டுன ஆளுங்களையே கூப்பிடுங்க.