ரொமான்டிக் காமெடி: காதல் நகைச்சுவையா, காதல் இன்பியலா?

ரொமான்டிக் காமெடியைத் தமிழில் 'காதல் நகைச்சுவை' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சட்டென்று புரிகிறது, தவறு என்று அடித்துவிடவும் முடியாது. ஆனால் பணக்கார வீட்டுப் பையன், ஏழை வீட்டுப் பெண், சம்மதிக்காத அப்பா என்று போகும் ஒரு கதையை நினைத்துப் பாருங்கள். நடுவில் அரை மணி நேரம் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். கோபம், பிரிவு, கண்ணீர். அப்போதும் அது ரொமான்டிக் காமெடிதான். அப்படியென்றால் 'காமெடி' என்ற சொல்லுக்குள் சிரிப்பைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது.

கிரேக்கத்தில் 'கோமோஸ்' என்றால் குடித்துக் களித்து ஆடிப்பாடிக்கொண்டு தெருவில் போகும் கூட்டம். அதோடு பாட்டைக் குறிக்கும் சொல் சேர்ந்து பிறந்ததே காமெடி. ஊரைக் குறிக்கும் 'கோமே'யிலிருந்து வந்ததாகச் சிலர் சொன்னதை அரிஸ்டாட்டில் பதிந்து வைத்திருக்கிறார். இன்று கோமோஸையே பெரும்பாலும் ஏற்கிறார்கள். இடைக்கால ஐரோப்பாவில் இந்தச் சொல்லின் பொருள் இன்னும் விரிந்தது. துன்பத்தில் தொடங்கி நல்லபடியாக முடிவது எதுவானாலும் காமெடிதான். 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் தாந்தே, நரகத்தில் புறப்பட்டுச் சொர்க்கத்தில் முடியும் தன் நெடுங்கவிதைக்கு 'கொம்மேதியா' என்றே பெயர் வைத்தார்.

ரொமான்ஸின் கதை சிறியது. லத்தீனில் எழுதாமல் மக்கள் பேசிய மொழியில் எழுதியதைப் பழைய பிரெஞ்சில் அப்படி அழைத்தார்கள். அந்த மொழியில் வீரர்களின் சாகசக் கதைகள் பெருகின, அவற்றில் காதல் பெருகியது, கடைசியில் சொல் காதலோடு ஒட்டிக்கொண்டது.

காதல், பணம், குடும்பம் மூன்றும் ஒரே கதையில் முட்டிக்கொள்வது மிகப் பழைய ஏற்பாடு. கி.மு. 316இல் ஏதென்ஸில் கிரேக்க நாடகாசிரியர் மெனாண்டர் அரங்கேற்றிய 'டிஸ்கோலோஸ்' நாடகமே சாட்சி. 'சிடுமூஞ்சி' என்று பெயர் வைக்கலாம். எகிப்தில் கிடைத்த பாபிரஸ் ஏட்டின் வழியாக 20ஆம் நூற்றாண்டில்தான் ஏறக்குறைய முழுதாக நமக்குக் கிடைத்தது. செல்வர் மகன் சோஸ்திராதோஸ், யாரோடும் ஒட்டாத கிழ உழவர் ஒருவரின் மகளை விரும்புகிறான். உழைப்பாளி என்று காட்டிக்கொள்ள மண்வெட்டி பிடித்து வெயிலில் காய்கிறான். கிழவர் கிணற்றில் விழுந்துவிட, அவரைத் தூக்கக் கயிற்றைப் பிடித்தபடி நிற்கும்போதும் அவன் பார்வை அந்தப் பெண்மேல்தான். மூன்று தடவையாவது கயிறு நழுவியிருக்கும் என்று பிறகு அவனே சொல்கிறான். சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் நாடகத்தின் உயிர் எனக்குத் தெரிவது அடுத்து வரும் இடத்தில். மகனின் காதலை ஒப்புக்கொண்ட அப்பா, தன் மகளையும் அந்த ஏழைக் குடும்பத்துப் பையனுக்குக் கொடுக்கச் சொன்னதும் தயங்குகிறார். மருமகளும் ஏழை, மருமகனும் ஏழை என்றால் எப்படி, ஒன்று போதாதா என்கிறார். பணம் நிலையில்லாதது, புதைத்து வைத்த செல்வத்தைவிடக் கண்ணெதிரே நிற்கும் நண்பன் மேல் என்று மகன் வாதாடி அவரை இணங்க வைக்கிறான். இரண்டு கல்யாணமும் நிச்சயமாகின்றன. இப்படிக் கலக்கம் தீர்ந்து குடும்பங்கள் ஒன்றுகூடும் முடிவுதான் காமெடி.

இதற்கு 'நகை' பொருந்துமா? தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கயிற்றை நழுவவிடும் காதலனுக்கு இது பொருந்தும்; அப்பாவும் மகனும் வாதாடும் இடத்துக்குப் பொருந்தாது. உணர்ச்சிகளை வகுக்கும் அதே மெய்ப்பாட்டியல் பகுதியில் உவகைக்கு, அதாவது மகிழ்ச்சிக்கு, அவர் தரும் நூற்பாவைப் பாருங்கள்:

"செல்வம் புலனே புணர்வுவிளை யாட்டென்று
அல்லல் நீத்த உவகை நான்கே"

செல்வம், அறிவு, காதலர் கூடுதல், விளையாட்டு. படிக்கும்போது ஒரு ரொமான்டிக் காமெடியின் கதைச்சுருக்கம் போலவே இருக்கிறது. 'அல்லல் நீத்த' என்ற சொற்கள்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தவை. குடும்பத்தின் எதிர்பார்ப்பும் அந்தஸ்துக் கணக்கும் தருகிற அல்லல் நீங்கி வரும் மகிழ்ச்சியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம். அவர் நாடக வகைக்குப் பெயர் வைக்கவில்லைதான், உணர்ச்சியைத்தான் வகுத்தார். ஆனாலும் நாம் தேடும் உணர்ச்சி இங்கே இருக்கிறது.

உவகையின் பக்கம் நிற்கும் ஒரு நாடகச் சொல் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. டிராஜடிக்குத் துன்பியல், காமெடிக்கு இன்பியல். இங்கே இயல் என்பதைத் தன்மை என்று கொள்ளவேண்டும். வேதியியல், இயற்பியல் போலப் படிப்பின் பெயர் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். ஆகவே ரொமான்டிக் காமெடிக்குக் காதல் இன்பியல் என்பதே என் தேர்வு. காதல் இன்பியல் படம், காதல் இன்பியல் நாவல் என்று தாராளமாக எழுதலாம். காமெடி நடிகர், காமெடிக் காட்சி என்று வரும் இடங்களில் சிரிப்புதான் குறி, அங்கே நகைச்சுவையே சரி. இன்பியல் என்றதும் முதலில் பாடநூல் வாசம் அடிக்கும். துன்பியலுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் அடித்திருக்கும்.