புகை போவது நுரையீரலுக்கு, அடி விழுவது இதயத்துக்கு

புறக்கோட்டையில் பழைய பஸ் ஒன்று கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பினால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். புகை என்றால் இருமல், தொய்வு, சளி என்பதுதான் நம் கணக்கு. மரணக் கணக்கோ வேறு. வெளிக்காற்று மாசினால் 2019இல் உலகெங்கும் ஏறத்தாழ 42 இலட்சம் பேர் அகாலமாக இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 68 சதவீதத்தினரைக் கொண்டுபோனவை இதயநோயும் பக்கவாதமும். நுரையீரல் புற்றுநோயின் பங்கு 4 சதவீதம்தான்.

மூச்சோடு உள்ளே போன தூசு இதயத்தை எப்படி எட்டுகிறது? துகளின் பருமனில் இருக்கிறது விஷயம். கொழும்பின் காலி வீதியில் பஸ்ஸிலிருந்து இறங்கி முகம் துடைத்தால் லேஞ்சியில் படியும் கறுப்பு, பெருந்தூசி. மூக்கு மயிரும் சளியும் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த நுண்துகள், தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அது நுரையீரலின் சிற்றறைகள் வரை போய்விடும்.

அங்கே காவலிருக்கும் தின்குழியங்கள் அதை விழுங்குகின்றன. ஆனால் கரியையும் உலோகத்தையும் எளிதில் செரிக்க முடியாமல், அழற்சியைத் தூண்டும் இரசாயனங்களைச் சுரக்கின்றன. இவை குருதியில் கலந்ததும் சங்கதி உடல் முழுவதற்கும் போய்விடுகிறது: குருதி இலகுவில் உறையத் தொடங்குகிறது, நாடிகள் சுருங்குகின்றன. இதய நாடியில் ஏற்கெனவே கொழுப்புப் படிந்திருந்தால் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் குருதி உறைந்து வழியை அடைக்கலாம். அதுதான் மாரடைப்பு. நுரையீரல் நரம்புகள் தூண்டப்பட்டு இதயத்துடிப்பின் ஒழுங்கு குலைவதும் உண்டு.

இது வெறும் ஊகமல்ல. 1993இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வு, ஆறு அமெரிக்க நகரங்களில் 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. புகைபிடித்தல் போன்ற காரணங்களைக் கழித்த பிறகும், காற்று மிக மோசமான நகரில் மரணவீதம் மிகத் தூய நகரைவிட 26 சதவீதம் அதிகமாக இருந்தது.

கொழும்புக்குக் கடல் ஒரு கொடை. தென்மேற்குப் பருவக்காற்று கடற்காற்றைக் கொண்டுவந்து நகரைக் கழுவிவிடும். டிசம்பரில் காற்று திசை மாறினால் நம் வாகனப் புகையோடு இந்தியப் பக்கத்து மாசும் வந்து சேரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது நகரமே மங்கி, பாடசாலைகளையும் மூட நேர்ந்தது. அன்று எல்லோரும் பேசினார்கள். கண்ணுக்குத் தெரிந்தால்தான் நமக்குப் பயம்!

நுண்துகளுக்கு இலங்கை 2008இல் வகுத்த ஆண்டு வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 25 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் பரிந்துரையை 10இலிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டது. இதய நாடியில் ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் சிறு குழாய்) வைத்தவர்கள் காலைநடையை விட வேண்டியதில்லை. நெரிசல் நேரத்துக் காலி வீதியை விட்டால் போதும். துணி முகக்கவசத்தை நம்பி அங்கேயே நடக்காதீர்கள், இந்தத் துகளுக்கு அது பெரிய தடையல்ல.