இடைவெளியாக்கியா, இடைவில்லையா?

மண்டபத்தில் இருக்கும் என் அக்காள் மகன், பழைய ஜீப்பை வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, வீல் ஸ்பேசர் வாங்கியிருக்கிறேன். சக்கரத்துக்கும் இதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?" எனக்குப் பகீரென்றது. மயிரிழைகூட விடக்கூடாது. பெட்டியோடு வந்த தமிழ்த் தாளைப் படிக்கச் சொன்னேன். "சக்கர இடைவெளியாக்கியை மையத்தில் நிறுவவும்" என்றிருந்தது.

வீல் ஸ்பேசர் என்பது சக்கரத்துக்கும், அது வந்து உட்காரும் அச்சு முனையான ஹப்புக்கும் நடுவில் மாட்டும் கனத்த வட்டு. பெரும்பாலும் அலுமினியம், 25, 30, 38 மி.மீ. கனங்களில் கிடைக்கும். மாட்டினால் சக்கரங்கள் வெளியே தள்ளி, வண்டி காலை அகட்டி நிற்கும். (அரிச்சல்முனைக்கு 2017இல் சாலை வந்த பிறகும் மணலில் இறங்கும் ஆசை இவனை விடவில்லை. மணலில் புதையாமல் இருக்க டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். இந்த வட்டு அதற்கு உதவாது.) சொல் லத்தீன் ஸ்பாட்டியத்தில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ஸ்பேஸ் ஆனது. இடம், தொலைவு என்று பொருள்.

'இடைவெளியாக்கி' என்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. டயருக்கும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இடம் கூடத்தானே செய்கிறது? கூடுகிறது. ஆனால் கையில் இருக்கும் பொருள் வெளி அன்று, வெளியை அடைக்கும் கட்டி. தாலிச் சரட்டில் உருக்களுக்கு நடுவே கோக்கும் குண்டை யாராவது இடைவெளியாக்கி என்பார்களா? ஆங்கிலம் பலனைப் பார்த்துப் பெயர் வைத்தது. நாம் பொருளைப் பார்த்து வைத்தால் என்ன குறைந்துவிடும்? அதிலும் இந்த வேலை முழுவதுமே இடைவெளியை ஒழிக்கும் வேலை. உப்புக்காற்றில் பொரிந்த துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டுவது வட்டு ஒட்டி உட்காரத்தான். பழைய போல்ட்டின் நுனி வட்டின் முகத்தைத் தாண்டித் துருத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் அதற்குத்தான். துருத்தினால் சக்கரம் படியாது. படியாத சக்கரம் ஆடும். ஆடினால் நட்டு கழலும். இத்தனைக்கும் நடுவில் 'வெளி' என்ற சொல்லைக் கொண்டுவந்து வைப்பது விபரீதம்.

என் சொல் 'இடைவில்லை'. கற்பூர வில்லை, மாத்திரை வில்லை என்று வட்டமும் கனமும் உள்ள பொருளுக்கு வில்லை நம் நாவில் இருக்கிறது. இடையில் வைக்கும் வில்லை, இடைவில்லை. 'ஆக்கி' என்ற வால் தேவையில்லை. சும்மா கிடக்கும் பொருள் எதை ஆக்குகிறது?

அந்தத் தாளில் மற்றதும் அழகுதான். ஹப் 'மையம்' ஆகிவிட்டது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் வந்து செருகும் நடுக்கட்டைக்குக் 'குடம்' என்று பெயர். இராமநாதபுரத்தில் எந்தத் தச்சரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். 'நிறுவவும்' என்கிறார்கள். சிலையை நிறுவலாம், கல்லூரியை நிறுவலாம். சக்கரத்தை மாட்டுவோம், வண்டியைப் பூட்டுவோம். மொழிபெயர்ப்பவர் ஒருமுறையாவது ஸ்பானரைக் கையில் பிடித்திருந்தால் இந்தத் தாள் இப்படி வந்திருக்காது.

"குடத்தைச் சுரண்டு, வில்லையை ஒட்ட வை, நட்டுகளை எதிரெதிரே இருப்பவையாக மாற்றி மாற்றி முறுக்கு, நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி முறுக்கிப் பார்" என்றேன். செய்துவிட்டான். இன்னமும் ஸ்பேசர் என்றுதான் சொல்கிறான். சொல்லட்டும், இடைவெளி விடவில்லையே.