விழுங்கினாலும் சாகாத கிருமி

"அப்பாவுக்குக் காசநோய் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தார்கள். எனக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேவிலும் ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனை மட்டும் பாசிட்டிவ். ‘தொற்று இருக்கிறது, நோய் இல்லை’ என்கிறார் டாக்டர். இது என்ன கணக்கு? என்னிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவுமா? தடுப்பு மருந்து எடுக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

டாக்டர் சொன்னது சரிதான். உலகில் நான்கில் ஒருவருக்குக் காசநோய்க் கிருமி தொற்றியிருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக வெளிப்படும், அதுவும் பெரும்பாலும் தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளில். எச்.ஐ.வி., சர்க்கரை நோய், ஊட்டச்சத்துக் குறைவு, புகைப்பழக்கம் இருந்தால் ஆபத்து கூடும்.

எப்படித் தொற்றுகிறது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகளில் பெரியவை கீழே விழுந்துவிடும். சிறியவை காற்றிலேயே காய்ந்து, 1 முதல் 5 மைக்ரான் அளவுத் துகள்களாக மணிக்கணக்கில் மிதக்கும். மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போவது இந்தத் துகள்கள்தான். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி குழுவினர் இதை நிரூபித்தார்கள். காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மேலே கினிப்பன்றிகள் இருந்த கூண்டுகளுக்கு அனுப்பினார்கள். நோயாளிகளைப் பார்த்தே இராத அந்தப் பிராணிகளுக்குத் தொற்று வந்தது. புற ஊதா ஒளி பாய்ச்சிய காற்றைச் சுவாசித்தவை தப்பின.

ஆக, தட்டும் டம்ளரும் இந்த நோயைப் பரப்புவதில்லை. இன்னமும் நோயாளிக்குத் தனித்தட்டு வைக்கிறார்கள், ஆனால் அவர் படுத்திருக்கும் அறையின் ஜன்னலை மூடி வைக்கிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். பரம்பரைச் சாபம், பூர்வஜென்ம பாவம் என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் இருமலை மறைத்துக்கொண்டு மாதக்கணக்கில் திரிகிறார்கள்.

சரி, கிருமி காற்றறைக்குள் வந்துவிட்டது. இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம்.

காற்றறைகளில் பெருவிழுங்கி என்ற வெள்ளணு வகை காவல் இருக்கிறது. அந்நியமாக எதைக் கண்டாலும் சவ்வால் சுற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும். விழுங்கிய கிருமி செல்லுக்குள் ஒரு சின்னப் பையில் கிடக்கும். அந்தப் பை மெல்ல அமிலமாகும். பிறகு செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் என்ற இன்னொரு பை வந்து அதோடு இணையும். சாதாரண பாக்டீரியாவின் கதை அதோடு முடிந்தது.

காசநோய்க் கிருமி விழுங்கப்படுவதை எதிர்ப்பதில்லை. அதற்கு வேண்டியதே அதுதான். லைசோசோம் எந்தப் பையோடு இணைய வேண்டும் என்பதைக் காட்ட, பையின் வெளிச்சவ்வில் ஒரு கொழுப்பு மூலக்கூறு இருக்கும். பார்சலின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு மாதிரி. கிருமி சாப்எம் என்ற நொதியைச் சுரந்து, அந்த மூலக்கூறில் இருக்கும் பாஸ்பேட்டை வெட்டி எடுத்துவிடுகிறது. சீட்டு போனால் பார்சல் போய்ச் சேராது. இன்னொரு புரதத்தை அனுப்பி, பைக்குள் அமிலம் ஏற்றும் பம்பையும் வந்து சேரவிடாமல் தடுக்கிறது. அமிலத்தை அளக்கும் pH எண் குறையக் குறைய அமிலம் கூடும்; அந்த எண் 5க்குக் கீழே இறங்க வேண்டிய பை, 6க்குச் சற்று மேலேயே நின்றுவிடுகிறது. தன்னைக் கொல்ல வேண்டிய செல்லுக்குள்ளேயே, அந்தச் செல்லின் கொழுப்பைத் தின்றுகொண்டு குடித்தனம் நடத்துகிறது! போதாததற்கு மைகோலிக் அமிலம் என்ற மெழுகால் ஆன தடித்த உறை வேறு. அவசரமும் கிடையாது. குடலில் வாழும் ஈகோலி பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்.

சில வாரங்களில் டி செல்கள் என்ற இன்னொரு வெள்ளணு வகை வந்து, சோம்பிக் கிடக்கும் பெருவிழுங்கிகளை உசுப்பிவிடுகிறது. பல கிருமிகள் சாகின்றன. மிச்சத்தைச் சுற்றிச் செல்கள் அடுக்கடுக்காகக் கூடி கிரானுலோமா என்ற சிறு முடிச்சாகின்றன. வாசகருக்கு வந்த பாசிட்டிவ் இந்த டி செல்களின் ஞாபகம்தான். அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியின் இரண்டு புரதங்களைக் காட்டினால் டி செல்கள் துள்ளுகின்றனவா என்று பார்க்கிறது. காசநோய்க்குப் போடும் பிசிஜி தடுப்பூசியில் அந்தப் புரதங்கள் கிடையாது, அதனால் தடுப்பூசி போட்டதால் வந்த பாசிட்டிவாக இருக்காது.

கிரானுலோமாவைக் கிருமிக்குக் கட்டிய சிறை என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். காசநோய் ஆராய்ச்சியாளர் லலிதா ராமகிருஷ்ணன் குழுவினர் வரிக்குதிரை மீனின் குஞ்சுகளில், காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவுக்காரக் கிருமி ஒன்றைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்தக் குஞ்சுகளின் உடல் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் என்பதால், உள்ளே நடப்பதை உயிரோடு இருக்கும்போதே நுண்ணோக்கியில் பார்க்கலாம். புதிய பெருவிழுங்கிகள் முடிச்சுக்குள் புகுந்தன, செத்துக்கொண்டிருந்த செல்களைக் கிருமியோடு விழுங்கின, அவற்றில் சில வெளியேறி வேறிடத்தில் புது முடிச்சு தொடங்கின. குறைந்தபட்சம் ஆரம்ப நாட்களில் அந்த முடிச்சு கிருமிக்கே உதவுகிறது.

எதிர்ப்பு சக்தி தளர்ந்தால் முடிச்சின் நடுப்பகுதி உருகி, மூச்சுக்குழாய்ப் பக்கம் உடைந்து, நுரையீரலில் ஓட்டை விழும். ஆக்சிஜன் கிடைத்ததும் கிருமி கோடிக்கணக்கில் பெருகி, இருமலில் வெளியேறும். அந்த ஓட்டையைப் போடுவதில் நம் எதிர்ப்பு சக்திக்குத்தான் பெரும் பங்கு. எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு அத்தகைய ஓட்டைகள் குறைவாகவே விழுகின்றன.

நோயாகிவிட்டால் வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அப்புறம் பெரும்பாலும் இரண்டு. பெருகும் கிருமியை மருந்து சீக்கிரமே கொன்றுவிடும்; இருமலும் அடங்கும். மந்தமாகக் கிடப்பவைதான் பாக்கி. அவற்றுக்காகத்தான் மிச்ச மாதங்கள். இந்த நால்வரில் பைரசினமைடு ஒரு விசித்திரப் பிறவி. சோதனைக் குழாயின் சாதாரணச் சூழலில் ஏறக்குறைய ஒன்றும் செய்யாது, அமிலச் சூழலில் மட்டும் வேலை செய்யும். எலிகளில் சோதித்துப் பார்த்ததால்தான் அதன் அருமை தெரிந்தது.

ராபர்ட் காக் இந்தக் கிருமியைக் கண்டறிந்ததை 1882இல் அறிவித்தார். 2023இல் மட்டும் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர் நோயுற்று, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நம் கையில் இருக்கும் ஒரே தடுப்பூசியோ 1921இல் முதன்முதலில் போடப்பட்ட பிசிஜி. குழந்தைகளைக் கடுமையான வகைகளிலிருந்து காக்கும். பெரியவர்களின் நுரையீரல் நோயைத் தடுப்பதில் நம்ப முடியாதது. எம்72 என்ற புதிய தடுப்பூசி முந்தைய சோதனையில் பாதியளவு பாதுகாப்பு தந்தது; இறுதிக்கட்டச் சோதனை 2024இல்தான் தொடங்கியது. கொரோனாவுக்கு ஒரே வருடத்தில் தடுப்பூசி வந்ததே, பணம் இருந்ததால்தானே? காசநோய் பெரும்பாலும் ஏழைகளைக் கொல்கிறது. பணம் வராததற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

வாசகர் கேட்ட மற்ற இரண்டுக்கும் பதில். நோயாகாத தொற்று உங்களிடமிருந்து யாருக்கும் பரவாது. தடுப்பு மருந்து எடுக்கலாமா என்றால், நோய் இல்லை என்று உறுதியானபின் எடுப்பது நல்லது. கல்லீரல் நிலையையும் மற்ற மாத்திரைகளையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஐசோனியசிட்டோடு ரிஃபாபென்டின் சேர்த்து வாரம் ஒரு வேளை, 12 வாரம் என்ற முறையை அவர் எழுதிக் கொடுத்தால், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். பதற வேண்டாம், அது மருந்தின் சாயம்.