சுட்டால் பச்சையாகும் கடற்பாசி

ஜப்பானியக் கடையில் வாங்கிய கறுப்புக் கடற்பாசித் தாளை அடுப்பில் லேசாக வாட்டியதும் பச்சையாகிவிட்டது, சாயம் ஏற்றியிருப்பார்களோ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சாயமே இல்லை.

அந்தத் தாளின் பெயர் நோரி. ஜப்பானின் அரியாக்கே போன்ற ஆழமில்லாத கடல்களில் வலை கட்டி வளர்க்கும் செம்பாசியைப் பொடியாக அரிந்து, நீரில் கலக்கி, சட்டத்தில் பரப்பி உலர்த்துகிறார்கள். ஒரு தாள் 21க்கு 19 செ.மீ., எடை சுமார் 3 கிராம்.

பச்சையம் நீல, சிவப்பு ஒளியை எடுத்துக்கொண்டு பச்சையைப் பெரும்பாலும் விட்டுவிடும் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தப் பச்சையையும் விட்டுவிடச் செம்பாசிக்கு மனமில்லை. ஃபைக்கோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமியால் அதையும் பிடித்துப் பச்சையத்திடம் சேர்த்துவிடுகிறது. வந்த ஒளியெல்லாம் இப்படி உள்ளேயே போய்விட்டால், நம் கண்ணுக்கு மிஞ்சுவது கறுப்புதான்.

இனி வருவதுதான் எனக்கு அலுக்காத இடம். ஃபைக்கோஎரித்ரின் ஒரு புரதம். அதற்குள் ஒளியைப் பிடிக்கும் சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் நீண்டு நிற்கின்றன. அவற்றை அப்படி இழுத்துப் பிடித்து வைத்திருப்பது புரதத்தின் மடிப்பு. சூடு பட்டதும், முட்டையின் வெள்ளைக்கருவில் நடப்பதுபோல, மடிப்பு குலைகிறது. பிடி விட்ட மூலக்கூறு சுருண்டுகொள்கிறது. சுருண்டதால் பச்சை ஒளியைப் பிடிக்கும் திறன் போய்விடுகிறது. பச்சையமோ உலர்ந்த தாளில் சில நொடிச் சூட்டைத் தாங்கிவிடும். ஆக, புதிதாக எந்தப் பச்சையும் வந்து சேரவில்லை. தடுத்துக்கொண்டிருந்த சிவப்பு விலகியது, அவ்வளவுதான்.

ஈரம் பட்டுக் கெட்ட நோரி செந்நீலமாவது இதற்கு நேர்மாறு: அங்கே பச்சையம் சிதைந்து சிவப்பு தங்கிவிடுகிறது.

தண்ணீரில் போட்டு நிறம் இறங்கினால் கலப்படம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு சோதனை சுற்றுகிறது. வாட்டாத நல்ல நோரியை நொறுக்கிப் பல மணி நேரம் ஊறவைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும், ஏனென்றால் ஃபைக்கோஎரித்ரின் நீரில் கரையும். அந்தச் சோதனையை நம்பினால் நல்ல சரக்கைத்தான் குப்பையில் போடுவோம். அந்த நீரில் பச்சை ஒளியைப் பாய்ச்சினால் ஆரஞ்சாக ஒளிரும். பள்ளிகளில் செய்து காட்ட இதைவிட அழகான சோதனை எது?

அந்த ஒளிர்வை 1982இல் ஓய், கிளேசர், ஸ்ட்ரையர் ஆகிய ஆய்வாளர்கள் உயிரணுக்களை அடையாளம் காணப் பயன்படுத்தினார்கள். எச்.ஐ.வி. நோயாளிகளின் சிடி4 அணுக்களை (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளையணுக்கள்) எண்ணும் ஆய்வகங்களில் இன்றும் இந்த நிறமி பயன்படுகிறது. பாசியின் நிறத்தை ஆராய அரசுப் பணம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.