உச்சி வெயிலில் மரம் செய்யும் வேலை

மே மாதப் பிற்பகலில் சென்னைச் சாலையொன்றின் வெயிலிலும், அதே சாலையில் நிற்கும் புங்க மரத்தின் நிழலிலும் காற்றின் வெப்பநிலையை அளந்து பார்த்தால், பெரும்பாலும் ஓரிரு டிகிரிதான் வேறுபடும். ஆனால் நடப்பவர் உணரும் வேறுபாடு அதைவிட மிகப் பெரியது. உடலைச் சுடுவது காற்று மட்டுமன்று என்பதே காரணம். தெளிந்த வானில் உச்சி வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. அதை வாங்கி 60 டிகிரி வரை காயக்கூடிய தார்ச் சாலையும் மதில் சுவரும் அகச்சிவப்புக் கதிர்களாக நம்மீதே திருப்பி வீசுகின்றன. மரக்கிளை இவ்விரண்டையும் ஒருசேரத் தடுக்கிறது.

தகரக் கூரையும் நிழல் தரும்தான். ஆனால் அது தானே காய்ந்து தலைக்கு மேலிருந்து அனல் வீசும். இலையோ நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு கிராம் நீரும் ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்வதால், இலையின் சூடு காற்றின் சூட்டை ஒட்டியே நிற்கிறது. மரம் தெருவின் காற்றையே குளிரவைத்துவிடும் என்று சொல்வது மட்டும் சற்று மிகை: அந்தச் சிறிய குளிர்ச்சியைக் கடற்காற்று அடித்துக்கொண்டு போய்விடும், ஈரப்பதம் மிகுந்த இந்த ஊரில் வியர்வை காய்வதும் எளிதன்று.

சென்னை சுமார் 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அப்போது எவ்வளவு உயர்ந்த கட்டடமும் நடைபாதைக்கு நிழல் தருவதில்லை. தலைக்கு மேல் விரிந்த கிளைதான் தரும். பிற்பகலில் சூரியன் மேற்கே சரிந்த பின்னும், கடற்கரையை நோக்கிக் கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களில் வெயில் தெருவின் நீளத்திலேயே விழுவதால், கட்டடங்களை நம்பிப் பயனில்லை. புங்க மரம் பழைய இலையை உதிர்த்து, கோடை முற்றுவதற்குள் புதுத் தளிர் விட்டுவிடுவதையும் இங்கே சொல்ல வேண்டும்.

பசுமை மனத்துக்குத் தருவது வேறு. எதையேனும் உன்னித்துக் கவனிப்பதால் களைத்த மனம், வலிந்து கவனிக்கத் தேவையில்லாத இயற்கைக் காட்சியில் தெளிகிறது என்பது உளவியலாளர்களான ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் ஆகியோரின் கோட்பாடு. ஆனால் நிறுத்திய பைக்கைச் சுற்றி, பெயர்ந்த தளக்கல்லைத் தாண்டி, பின்னால் வரும் ஹாரனுக்கு ஒதுங்கி நடப்பவருக்கு அண்ணாந்து பார்க்க எங்கே நேரம்? ஒற்றை வரிசை மரங்கள் போக்குவரத்து இரைச்சலையும் பெரிதாகக் குறைப்பதில்லை.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அவற்றுக்கு ஈடாக நடப்படும் கன்று, விரிந்த கிளையின் நிழலைத் தரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், எங்கே நடுகிறோம் என்பது முக்கியமாகிறது. வடக்கு தெற்காக ஓடும் தெருவில் மேற்குப் பக்க நடைபாதைக்குப் பிற்பகலில் கட்டடங்களின் நிழல் கிடைத்துவிடும். கிழக்குப் பக்கம்தான் வெயிலில் காயும். அங்கே மதிலை ஒட்டி நடாமல் சாலையோர விளிம்பில் நட்டால்தான், மேற்கு வெயிலில் மரத்தின் நிழல் மதிலின் மேல் விழாமல் நடப்பவர்மேல் விழும்.