சைட்டேஷன்: மேற்கோளா, மேற்சுட்டா?

மருத்துவ ஆய்வாளர் ஒருவரை அறிமுகம் செய்யும்போது இத்தனை பப்ளிகேஷன், இத்தனை சைட்டேஷன், அவற்றை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் இவ்வளவு என்று அடுக்குகிறோம். முதலாவதற்கு ‘வெளியீடு’ பொருந்திவிடுகிறது. இரண்டாவதில்தான் குழப்பம். விருது மேடையில் வாசிக்கும் பாராட்டுரைக்கும் சைட்டேஷன் என்றே பெயர். ஆய்வுக்கட்டுரையில் வரும் சைட்டேஷனோ பாராட்டு அன்று; ஒரு கட்டுரை முந்தைய கட்டுரையொன்றைச் சான்றாகக் காட்டுவது.

இலத்தீனில் ‘சிட்டாரே’ என்றால் அழைத்தல், வரச்செய்தல். ஆங்கிலத்தில் அது முதலில் நீதிமன்ற அழைப்பாணையைக் குறித்தது; பிறகு பழைய தீர்ப்பொன்றைச் சான்றுக்கு இழுப்பதையும் குறித்தது. எந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்பு காட்டுகிறது என்று அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் 1873இல் தொகுக்கத் தொடங்கினார். அதை முன்மாதிரியாக வைத்தே அறிவியலுக்கும் அப்படியோர் அட்டவணை வேண்டும் என்று தகவல் அறிவியலாளர் யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் எழுதினார். ஆக, சான்றுக்கு அழைப்பதே சொல்லின் உயிர்.

தமிழில் பலரும் ‘மேற்கோள்’ என்கிறார்கள். அதற்குப் பழைய பொருள் வேறு: சிவஞானபோத உரைமரபில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற வரிசையில் அது நிறுவ வேண்டிய கருத்தைக் குறிக்கும். இன்றைய வழக்கில் பிறர் வாக்கியத்தை அப்படியே எடுத்துத் தருவது மேற்கோள். ஆய்வுக்கட்டுரையில் வாக்கியத்தை எடுப்பது அரிது. இன்ன கட்டுரையைப் பாருங்கள் என்று சுட்டுவதே வழக்கம். அதனால் ‘மேற்சுட்டு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. எச்-இண்டெக்ஸை ‘எச்-குறியீட்டெண்’ எனலாம். இலங்கை வழக்கான ‘சுட்டெண்’ நல்ல சொல்தான். மேற்சுட்டுக்குப் பக்கத்தில் வந்தால் குழப்பும்.

எச்-குறியீட்டெண் 2005இல் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் தந்த கணக்கு. ஒருவரின் 40 கட்டுரைகள் தலா 40 முறையாவது சுட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 40.

எதற்காகச் சுட்டினார்கள் என்பதை எந்த எண்ணும் சொல்லாது. புரதத்தை அளக்கும் முறை பற்றி ஆலிவர் லௌரி 1951இல் எழுதிய கட்டுரை 3 லட்சத்துக்கும் மேல் சுட்டப்பட்டது. ஆய்வகந்தோறும் அந்த முறை புழங்கியதே காரணம். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதை மறுத்து எழுதியவர்களும் அதைச் சுட்டியே எழுதினார்கள். அவையும் எண்ணிக்கையில் சேர்ந்தன.

கல்கத்தாவின் மருத்துவ ஆய்வாளர் சம்பு நாத் டேயின் கதை என்னை எப்போதும் உலுக்குகிறது. காலரா கிருமியை வளர்த்த திரவத்திலிருந்து கிருமியே இல்லாமல் வடித்த நீரை முயலின் குடலில் செலுத்தினாலும் நீர் சேர்கிறது, ஆகவே கிருமி சுரக்கும் நச்சே காரணம் என்று 1959இல் நேச்சர் இதழில் காட்டினார். தொடக்கத்தில் சுட்டியவர்கள் சிலரே. 1985இல் அவர் காலமான பிறகு, 1986இல் கார்ஃபீல்டே காலரா ஆய்வில் எது எதைச் சுட்டியது என்று காட்டும் மேற்சுட்டு வரைபடத்தை எடுத்து அவருடைய இடத்தை எழுதினார். எத்தனை முறை சுட்டப்பட்டாலும் எச்-குறியீட்டெண்ணில் டேயின் அந்த 1959 கட்டுரையின் எடை எவ்வளவு தெரியுமா? வெறும் 1.

எண்ணைக் குறிக்கும்போது அதை எடுத்த தரவுத்தளம் கூகுள் ஸ்காலரா, ஸ்கோபஸா, எந்தத் தேதி நிலவரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே ஆய்வாளருக்கு அவை வேறு வேறு எண்களைத் தரும்.